வரீஸ் எனும் கால் சிரை நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் 28 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. காத்ர் போர்ன் பக்கம் எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் யாராவது ஓரமாக அழைத்துப்போய், புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, "அக்கா, இதைப் பாருங்களேன்" என்பார்கள். ஆள்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் இடத்தை இது பிடிக்காது. ஆனால் அவரிடம் எப்போது போகவேண்டும், போனால் என்ன கேட்கவேண்டும் என்பது இதில் தெரியும்.

"காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். இது நரம்புத் தளர்ச்சியா, அக்கா?"

இல்லை. தோலுக்கடியில் நீலமாகத் தெரிவதையெல்லாம் நாம் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவது. காலில் புடைத்துத் தெரிவது சிரை, அதாவது கெட்ட இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச்செல்லும் குழாய். நம் ஊர் கிரியோலில் இதை வரீஸ் என்கிறோம். இந்தப் பெயர்க் குழப்பத்தால் "நரம்புக்கு" என்று வைட்டமின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சிரைக்கு ஒரு பயனும் இல்லை.

பாதத்தில் இருக்கும் இரத்தம் இதயம்வரை ஏறவேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது சிரையைப் பிழிகிறது. ஏறிய இரத்தம் திரும்ப இறங்காமல் இருக்கச் சிரைக்குள் ஒருவழிக் கதவு போலச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ஒரு வால்வு சரியாக மூடாமல் போனால் இரத்தம் கீழே வழிந்து, அதற்கடுத்த வால்வின் மேல் பாரம் ஏறுகிறது. அப்புறம் அதுவும் தளர்கிறது. சிரை அகன்று, நீண்டு, இடம் போதாமல் வளைந்துகொள்கிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம்வரை இருக்கும். நல்ல வால்வு உள்ளவர் நடக்கத் தொடங்கினால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அவ்வளவு இறங்காது. இந்த நோயில் வரும் தொல்லைகளெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

"எனக்கு மெல்லிசாகச் சிவப்புக் கோடு மட்டும்தான். இதுவும் வரீஸா?"

ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அந்தக் கோடுகளைச் சிலந்திச் சிரை என்பார்கள். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்று, நின்றால் புடைத்துத் தெரிவதுதான் உண்மையான வரீஸ். இரண்டுக்கும் இடைப்பட்டதும் உண்டு. சிலந்திச் சிரை மட்டும் இருந்து, வலியோ வீக்கமோ இல்லையென்றால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம், பயப்பட வேண்டாம்.

டாக்டர்கள் இதை 0 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 1 சிலந்திச் சிரை, 2 வரீஸ், 3 வீக்கம், 4 தோல் மாற்றம், 5 ஆறிய புண், 6 ஆறாத புண். உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஃபேக்டரியில் நின்று நின்று வேலை செய்ததால்தான் வந்ததா?"

நின்றதும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். வயது, பிள்ளைப்பேறு, உடல் எடை, முன்பு காலில் இரத்தம் உறைந்திருந்தது எல்லாம் சேரும். 1970-ல் இங்கே ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தவர்களும் உண்டு, இஸ்திரி மேசையில் நின்றவர்களும் உண்டு. இரண்டுமே கெண்டைக்கால் அசையாத வேலை. அவர்கள் இப்போது பாட்டிகள். என் கட்டு அறைக்கு வந்தவர்களில் அவர்கள் நிறையப் பேர்.

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததால் வந்தது என்று மாமியார் சொன்னாராம், ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள். அதற்கு ஆதாரம் இல்லை. உன் தப்பு ஒன்றும் இல்லை, அம்மா.

"வலியே இல்லை, சாயங்காலம் கால் கனக்கிறது, அவ்வளவுதான். அப்படியே விட்டுவிடலாமா?"

பிரெஞ்சுக்காரர்கள் "ஜாம்ப் லூர்ட்" என்று சொல்லும் அந்தக் கனம், சாயங்கால வீக்கம், இரவில் கெண்டைக்கால் இழுப்பது, அரிப்பு எல்லாம் இந்த நோயின் பேச்சுதான். பலருக்கு அதோடு நின்றுவிடும். அப்போது கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் ஓர் இடத்தை மட்டும் வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்: கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்கு மேலே நான்கு விரல் அகலம். அங்கே தோல் காப்பிக்கொட்டை நிறமாக மாறுகிறதா? சொரசொரப்பாகி உரிகிறதா? அழுத்தினால் மரப்பலகை போல் இறுகியிருக்கிறதா? இது 4-ஆம் எண். சிரையிலிருந்து கசிந்த இரத்த அணுக்களின் இரும்புச் சத்துதான் அந்தப் பழுப்பு நிறம். இதற்கு அடுத்தது புண். என் அம்மாவுக்கு அந்தக் கறை வந்தபோது வெயிலில் கறுத்ததென்று நினைத்தோம். கொசு கடித்த இடத்தைச் சொரிந்தார், புண்ணானது, நான்கு ஆண்டு ஆறவில்லை. நான் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனதே அதனால்தான். நிறம் மாறும்போதே வந்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வதும் அதனால்தான்.

"இரண்டு காலும் வீங்குகிறது. வரீஸ்தானே?"

இருக்கலாம், ஆனால் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் முதலில் மாத்திரைப் பையை எடுத்துப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் பலருக்குக் கால் வீக்கம் தரும். இதயம், சிறுநீரகம், ஈரல் நோய்களிலும் அப்படித்தான். மூச்சு வாங்குகிறது, படுத்தால் திணறுகிறது என்றால் அன்றைக்கே டாக்டர். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அது வேறு கதை, கீழே விமானப் பயணக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

நீர் பிரியும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடுவதை விட்டுவிடுங்கள். சிரை வீக்கத்துக்கு அது மருந்தே இல்லை.

"டாப்ளர் எடுக்கச் சொல்கிறார். கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு?"

கண்ணுக்குத் தெரிவது கிளை. கோளாறு பெரும்பாலும் வெளியே தெரியாத நெடுஞ்சிரையில், கணுக்காலிலிருந்து தொடைச்சந்துவரை ஓடும் குழாயில் இருக்கும். டாப்ளர் என்பது வயிற்றுக்குச் செய்யும் ஸ்கேன் மாதிரிதான், ஊசி இல்லை, வலி இல்லை. உங்களை நிற்கவைத்து, கெண்டைக்காலை அமுக்கிவிட்டு, இரத்தம் எவ்வளவு நேரம் பின்னால் வழிகிறது என்று பார்ப்பார்கள். தோலுக்கு அருகே ஓடும் மேல்சிரையில் அரை விநாடிக்கு மேல் வழிந்தால் வால்வு கெட்டது. உள்ளே ஆழமான சிரையில் அடைப்பு உண்டா என்பதும் தெரியும். டாப்ளர் பார்க்காமல் லேசர் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"நம் ஊர் வெயிலில் அந்த இறுக்கமான சாக்ஸை எப்படிப் போடுவது?"

கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜனவரியில் போர் லூயி பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் வேதனை எனக்கும் தெரியும். ஆனாலும் கனமும் வீக்கமும் உள்ளவருக்குக் கத்தி இல்லாமல் கிடைக்கும் நிம்மதி இதுதான். காலையில் கண் விழித்ததும், காலைக் கீழே தொங்கவிடுவதற்கு முன்பே போடவேண்டும், அப்போதுதான் வீக்கம் இருக்காது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டால் பிடி வழுக்காது. காலில் எண்ணெய், கிரீம் தடவுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது கழற்றிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு முழங்கால்வரை உள்ளதே போதும். தொடைவரை வாங்கி, அது சுருண்டு இறங்கி முழங்காலுக்குப் பின்னால் கயிறு மாதிரி இறுக்குவதைவிட இது நல்லது. சுமார் ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும், புதிது வாங்கவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஃபார்மசிகளில் பிரெஞ்சு சாக்ஸும் வரும், இங்கிலாந்து சாக்ஸும் வரும். "கிளாஸ் 2" என்று இரண்டிலும் போட்டிருந்தாலும் அளவு ஒன்றல்ல. பிரெஞ்சு முறையில் அது 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம், இங்கிலாந்து முறையில் 18 முதல் 24, ஜெர்மன் முறையில் 23 முதல் 32. அதனால் டாக்டரிடம் கிளாஸைக் கேட்காமல் பாதரச அளவு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள், அதையே பெட்டியிலும் பாருங்கள். கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலை நேரத்தில் டேப் வைத்து அளந்துதான் வாங்கவேண்டும். செருப்பு அளவைச் சொல்லி வாங்கும் பொருள் இல்லை இது.

"எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சாக்ஸ் போடலாமா?"

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்கவேண்டும். நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையும் சிகரெட்டும் காலுக்கு நல்ல இரத்தம் கொண்டுவரும் தமனியை அடைக்கும். தமனி அடைத்த காலை இறுக்கினால் விரல் கறுத்து அழுகும் நிலைகூட வரலாம். அதனால் முதலில் பாதத்தில் நாடி பார்த்து, கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக, அதாவது விகிதம் 1-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 0.8-க்குக் கீழே போனால் வழக்கமான இறுக்கம் கூடாது, 0.5-க்குக் கீழே இறுக்கமே கூடாது. சர்க்கரை உள்ளவருக்குத் தமனி கல்லாகி இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம், 1.3-க்கு மேல் வந்தால் மேலும் சோதிக்கவேண்டும்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறதா? ராத்திரி காலைத் தொங்கவிட்டால்தான் வலி குறைகிறதா? இவை தமனிக் கோளாறின் அறிகுறிகள். சாக்ஸ் வாங்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"மகள் 6 மாதக் கர்ப்பிணி. தொடைவரை புடைத்துவிட்டது. இப்போதே ஆபரேஷன் வேண்டுமா?"

வேண்டாம். கர்ப்ப காலத்தில் இரத்தம் அதிகமாகும், ஹார்மோன் சிரையைத் தளர்த்தும், கருப்பை மேலே இருந்து அழுத்தும். பிள்ளை பிறந்து சில மாதத்தில் பெரும்பகுதி தானே சுருங்கும். அதுவரை சாக்ஸ், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, நடை. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"மாத்திரை, கிரீம், எண்ணெய் மசாஜ், இதில் எது சரியாக்கும்?"

புடைத்த சிரையைப் பழையபடி ஆக்கும் மாத்திரையோ கிரீமோ எதுவும் இல்லை. டயோஸ்மின் கலந்த பிரெஞ்சு மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும், வால்வைத் தைக்காது. குதிரைச் செஸ்நட் சாறும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான். காசு இருந்து, போட்டால் இதமாக இருந்தால் போடுங்கள்.

எண்ணெய் மசாஜ் இதமாக இருக்கும், ஆனால் புடைத்த முடிச்சின் மேல் அழுத்தித் தேய்க்காதீர்கள். புதிதாக வலித்து வீங்கிய காலைத் தேய்க்கவே கூடாது, உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். நான் மனதாரச் சிபாரிசு செய்வது இரண்டு: தினமும் அரைமணி நேரம் நடை, நாளில் மூன்று நான்கு முறை காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி 15 நிமிடம் படுப்பது. முக்காலியில் கால் நீட்டுவது அந்தக் கணக்கில் வராது. வேலையில் நின்றே ஆகவேண்டும் என்றால் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

"லேசர், ஊசி, பசை, ஆபரேஷன் என்று நாலு சொல்கிறார்கள். எது நல்லது?"

லேசரும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம். முழங்கால் பக்கம் ஊசித் துளை வழியாக மெல்லிய கம்பியை ஸ்கேன் பார்த்துக்கொண்டே சிரைக்குள் தொடைச்சந்துவரை ஏற்றுவார்கள். சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த நீரைச் செலுத்தி, கம்பியைச் சூடாக்கிக்கொண்டே கீழே இழுப்பார்கள். ரேடியோ அலைக் கம்பியில் சூடு சுமார் 120 டிகிரி. சிரை சுருங்கி மூடிக்கொள்ளும். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். நுரை ஊசி என்பது மருந்தைக் காற்றோடு அடித்து நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்துவது. வளைந்து நெளிந்த கிளைக்கு ஏற்றது, சில சமயம் இரண்டு மூன்று முறை செய்யவேண்டும், பழுப்புக் கறை விடலாம். சிரையைப் பசையால் ஒட்டி மூடும் முறையில் சூடும் இல்லை, பல இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் இல்லை, ஆனால் சிலருக்கு ஒவ்வாமை வரும். பழைய ஆபரேஷன் சிரையை உருவி எடுப்பது. அது இன்றும் கெட்ட சிகிச்சை ஆகிவிடவில்லை, இரத்தம் கன்றி ஆற நாளாகும், அவ்வளவுதான்.

சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-ல் சொன்ன வரிசை இது: முதலில் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் முடியாவிட்டால் ஆபரேஷன். எந்த முறையிலும் சின்ன இடம் மரத்துப்போவது, அபூர்வமாக இரத்தம் உறைவது உண்டு. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பார்ப்பது இலவசம். டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு அறுவைப் பிரிவுக்குப் போங்கள். தனியார் கிளினிக் என்றால் ஒரு காலுக்கா இரண்டுக்கா, டாப்ளர் சேர்த்தா, மறுபடி ஊசி தேவைப்பட்டால் அதற்கும் சேர்த்தா என்று விலையை எழுதி வாங்குங்கள். என் உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்காமல் போய் இரண்டு மடங்கு கட்டினார்.

"சிரையை மூடிவிட்டால் இரத்தம் எப்படி மேலே போகும்? நாளைக்கு இதய பைபாஸுக்கு வேண்டுமே?"

காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழமான சிரை வழியாகத்தான் ஏறுகிறது. மூடுவது மேல்சிரையை. அது ஏற்கெனவே இரத்தத்தைக் கீழே கொட்டிக்கொண்டிருந்த குழாய், மூடினால் பாரம் குறைகிறது. ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்று டாப்ளரில் பார்ப்பது இதற்காகத்தான்.

பைபாஸுக்குக் காலின் நெடுஞ்சிரையை எடுப்பது உண்மை. ஆனால் அகன்று வளைந்த சிரை அதற்குப் பெரும்பாலும் உதவாது. மார்புத் தமனி, கைத் தமனி என்று வேறு வழியும் டாக்டர்களுக்கு உண்டு. நல்ல சிரையைத் தேவையில்லாமல் மூடக்கூடாது என்பதுதான் இதில் சரியான கவலை.

"செய்தால் திரும்ப வராதா?"

மூடிய சிரை பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆனால் உங்கள் உடம்பின் சுபாவம் மாறவில்லை, வேறு கிளை சில ஆண்டுகளில் புடைக்கலாம். அப்போது நுரை ஊசி போதும் பலருக்கு. வந்துவிடும் என்று பயந்து செய்யாமல் இருப்பதற்கு இது காரணம் ஆகாது.

"மஞ்சளும் பவுடரும் போட்டும் புண் ஆறவில்லையே?"

ஆறாது. காலில் நீண்ட நாள் இருக்கும் புண்களில் பெரும்பகுதி சிரைப் புண்தான், அதை ஆறவைப்பது மேலே தடவும் மருந்து இல்லை, வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம். பாதத்திலிருந்து முழங்கால்வரை பல அடுக்காகக் கட்டும் கட்டு அதற்காகத்தான், தமனி சரியென்று பார்த்த பிறகு. 2018-ல் இங்கிலாந்தில் 450 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், கட்டோடு உடனே சிரையையும் மூடியவர்களுக்குச் சராசரியாக 56 நாளில் புண் ஆறியது, தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். "புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் எங்கள் காலத்தில் சொன்னோம். இன்று அது சரியில்லை. மூன்று மாதம் கட்டியும் ஆறாத புண், விளிம்பு தடித்து மேலெழும் புண் என்றால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள், அபூர்வமாகப் புற்றாக மாறும்.

"குளிக்கும்போது சிரை வெடித்து இரத்தம் பீச்சினால்?"

உடனே தரையில் படுங்கள். காலைச் சுவரிலோ நாற்காலியிலோ உயர்த்துங்கள். சுத்தத் துணியால் அந்த இடத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காமல். பெரும்பாலும் இவ்வளவு போதும், இரத்தம் நின்றுவிடும். நின்றுகொண்டே இருந்து, பதறி அங்குமிங்கும் ஓடி, தொடையில் கயிறு கட்டியவர்கள்தான் ஆபத்தில் போனார்கள். இரத்தம் நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அந்தச் சிரையை மூடாவிட்டால் மறுபடி வெடிக்கும். வயதான அம்மா தனியாக இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

"பாரிஸுக்குப் பேரனைப் பார்க்கப் போகிறேன். வரீஸ் இருந்தால் இரத்தம் கட்டுமாமே?"

பதினோரு, பன்னிரண்டு மணி நேர விமானம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணம் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. தனியொருவருக்கு அது சின்ன வாய்ப்புதான். மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்துங்கள், தண்ணீர் குடியுங்கள், சாக்ஸ் போடுங்கள். முன்பு இரத்தம் உறைந்தவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர் டிக்கெட் போடுமுன் டாக்டரைக் கேட்கவேண்டும்.

போய் இறங்கி நாலு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே ஸ்கேன். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுக்குத்து, இருமலில் இரத்தம் என்றால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், ஆம்புலன்ஸ். மேல்சிரை கயிறுபோல் இறுகிச் சிவப்பது வேறு, அது பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் தொடைச்சந்துக்கு அருகே என்றால் அதையும் உடனே காட்டுங்கள்.

"வரீஸ் இருக்கிறது, இரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடுகிறேன். தைப்பூசத்தில் காவடி எடுக்கலாமா, அலகு குத்தலாமா?"

காவடி எடுப்பதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. நடப்பது சிரைக்கு நல்லது. ஊர்வலம் நகராமல் வெயிலில் நிற்பதுதான் காலை வீங்கவைக்கும். நிற்கும்போது இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதியுங்கள். வெறுங்காலில் தார் சுடும், சர்க்கரை உள்ளவர் பாதத்தையும், பழுப்பேறிய கணுக்காலையும் அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் கொப்புளம் உண்டா என்று பாருங்கள். வீடு வந்ததும் ஏழு கறிச் சாப்பாடு முடிந்து காலை உயர்த்திப் படுங்கள்.

அலகு வேண்டாம். வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான் எதுவானாலும் குத்திய இடத்தில் இரத்தம் எளிதில் நிற்காது. அலகுக்காக மாத்திரையை நீங்களே நிறுத்துவது அதைவிட ஆபத்து, இரத்தக்கட்டி மறுபடி வரலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று: பத்து நாள் விரதத்தில் திடீரென்று தினமும் ப்ரெட் முரூம், அதாவது முருங்கைக்கீரையும் மற்றக் கீரைகளும் கூடினால் வைட்டமின் கே ஏறி மாத்திரையின் வேலை குறைந்துவிடும். கீரையை விடச் சொல்லவில்லை, மற்ற மாதங்களில் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள். கொடியேற்றத்துக்கு முன்பு ஒருமுறை, விரதத்தின் நடுவில் ஒருமுறை ஐஎன்ஆர், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை செய்து, தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பால்சொம்பு எடுத்தாலும் நேர்த்திக்கடன் நிறைவேறும், பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள்.